வாஸ்ம்டைம்: அடுத்தவர் புரோகிராமை நம் பெட்டியில் ஓடவிடலாமா?

வேறு யாரோ எழுதி அனுப்பும் புரோகிராமை உங்கள் மிஷினில் ஓடவிட வேண்டிய கட்டாயம் இருந்தால், அதை வேலிக்குள் வைத்து ஓட்டும் வாஸ்ம்டைம் (Wasmtime) என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீங்களே எழுதி நீங்களே ஓட்டுகிற புரோகிராமுக்கு இது தேவையில்லை, வீண் வேலை. அனுப்புகிறவரை முழுசாக நம்பவும் முடியாது, ஓட்ட மாட்டேன் என்று சொல்லவும் முடியாது என்கிற இடத்துக்கு இதைவிட நிம்மதி தருகிற கருவியை நான் பார்த்ததில்லை. சில ஆபத்துகளுக்கு இதனிடம் பதிலே கிடையாது. அவை எவை என்று தெரியாமல் இதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் தொழில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம். நண்டு கம்பெனி, ஐஸ் கம்பெனி, குளிர் அறைகளில் வெப்பநிலையையும் எடையையும் பதிவு செய்யும் சின்னப் பெட்டிகளைப் பொருத்திப் பராமரிக்கிறேன். பெட்டிக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை 4, ஒரு மெமரி கார்டு, சிம் போட்ட மோடம், இரண்டு மூன்று சென்சார் வயர். உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் சிலிக்கான் வைத்து அடைத்திருப்பேன். கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெந்த நீலக்கால் நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைத் தனித்தனித் தட்டில் பிரித்துப் போடுவார்கள். அந்தச் சதை வெளிநாடு போகிறது. வாங்குகிறவருக்குக் குளிர் அறை எந்த நேரத்தில் எத்தனை டிகிரியில் இருந்தது என்ற கணக்கு வேண்டும். 4 டிகிரியைத் தாண்டினால் போன் வந்துவிடும்.

இதுவரை சரி. ஆனால் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் பதிவை மட்டும் கேட்பதில்லை. "எங்க கணக்குப் போடுற புரோகிராமையே உங்க பெட்டியில ஓட விடுங்க, முடிவ மட்டும் நாங்க எடுத்துக்கிறோம்" என்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சில நொடிக்கு ஒரு தடவை சென்சார் தரும் எண்களையெல்லாம் இந்தச் சிக்னலில் மேலே அனுப்பினால் டேட்டாவும் தீரும், பாதி வழியில் அறுந்தும் போகும். சில நூறு கிலோபைட் புரோகிராம் ஒரே தடவை இங்கே வந்துவிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், அதே பெட்டியில்தான் முதலாளியின் எடைக் கணக்கும் இருக்கிறது. எந்தப் படகு, எத்தனை கிலோ, என்ன விலை எல்லாம் அதில் உண்டு. ஒரு ஏவாரிக்குக் கொடுத்த விலை இன்னொரு ஏவாரிக்குத் தெரிந்தால் மறுநாள் காலையில் கரையில் நிற்க முடியாது.

எனக்கு முன்னால் ஒரு கம்பெனி இங்கே பொருத்தியிருந்த பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து ஒரு பைத்தான் ஃபைலை இறக்கி, ரூட் அதிகாரத்தோடு, அதாவது பெட்டியில் எதையும் தொடும் உரிமையோடு, அப்படியே ஓட்டும். யார் அனுப்பியது என்ற கேள்வி இல்லை, எதைத் தொடலாம் என்ற கேள்வியும் இல்லை. அந்தப் பெட்டி வெப்பநிலையை ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

புரோகிராம் ஒரு மிஷினிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போவது புதிதல்ல. 1988 நவம்பர் 2-ம் தேதி மாரிஸ் வார்ம் என்ற, தானே தன்னைப் பரப்பிக்கொள்ளும் புரோகிராம் இன்டர்நெட்டில் பரவியபோதே, யாரும் கூப்பிடாத புரோகிராம் என்ன செய்யும் என்று உலகம் பார்த்துவிட்டது. கூப்பிட்டு வரவழைக்கும் புரோகிராமை எப்படி அடக்குவது என்பதற்கு 1990-களில் மூன்று வழிகள் வந்தன. மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ்எக்ஸ், யார் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டது என்று பார்த்தது. கையெழுத்து சரி என்றால் உள்ளே வந்தபின் எல்லாக் கதவும் திறப்புதான். வலைப்பக்கத்தோடு வரும் குட்டிப் புரோகிராமான ஜாவா ஆப்லெட்டை, யார் அனுப்பினாலும் பிரவுசர் வேலிக்குள் வைத்து ஓட்டியது. மூன்றாவது வழியை 1996-ல் ஜார்ஜ் நெக்யூலாவும் பீட்டர் லீயும் சொன்னார்கள். அதில் புரோகிராம் வரும்போதே தான் ஒழுங்காக நடந்துகொள்வேன் என்பதற்கான கணித நிரூபணத்தையும் சுமந்து வரும், வாங்குகிற மிஷின் அதைச் சரிபார்த்துவிட்டு ஓட்டும்.

வாஸ்ம்டைம் ஓட்டுவது வெப்அசெம்ப்ளி புரோகிராம்களை. 2017-ல் பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து, 2019 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக ஆன வடிவம் அது, பல மொழிகளில் எழுதிய புரோகிராம்களை அந்த ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டுவதற்காக பைட்கோட் அலையன்ஸ் என்ற அமைப்பு ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிடுவதுதான் வாஸ்ம்டைம். 1.0 பதிப்பு 2022 செப்டம்பரில் வந்தது. மேலே சொன்ன இரண்டாவது வழியும் மூன்றாவதில் கொஞ்சமும் இதில் சேர்ந்திருக்கின்றன. வந்த ஃபைலை ஓட்டுமுன் ஒவ்வொரு கட்டளையும் வகை சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்கும். பொருந்தாவிட்டால் ஒரு வரிகூட ஓடாது. ஓடத் தொடங்கினாலும் தனக்கென்று ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எட்டிப்பார்க்க முடியாது.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த விஷயம். ராமேஸ்வரத்தில் மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்காமல் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. வாஸ்ம்டைமில் ஃபைல் திறப்பது, நெட்டுக்குப் போவது, சூழல் மாறிகளை (புரோகிராம்களுக்காகச் சிஸ்டம் வைத்திருக்கும் அமைப்புக் குறிப்புகள்) படிப்பது எல்லாமே டோக்கன் கணக்குதான். நீங்கள் கையில் கொடுத்தது உண்டு, கொடுக்காதது இல்லை. ஒரு வித்தியாசம், படகு டோக்கன் இல்லாமல் திருட்டுத்தனமாகக் கிளம்பிவிட முடியும். இங்கே டோக்கன் இல்லாத புரோகிராமுக்கு அப்படி ஒரு கடல் இருப்பதே தெரியாது. ஏனென்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நேராகக் கூப்பிடும் கட்டளை வெப்அசெம்ப்ளியில் கிடையாது. நாம் உள்ளே நீட்டும் பங்ஷன்களைத்தான் அது கூப்பிட முடியும்.

நிறுவியவுடன் நான் செய்த சோதனையைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். ஒரு குட்டி ரஸ்ட் புரோகிராம், அதன் ஒரே வேலை எடைக் கணக்கைத் திறந்து முதல் வரியை அச்சிடுவது. எந்தக் கோப்புறையும் கொடுக்காமல் ஓட்டினேன். அந்தப் பாதையைத் திறக்க முன்கூட்டிக் கொடுத்த கோப்புறை எதுவும் இல்லை என்று பிழை வந்தது. வெப்பநிலைக் கோப்புறையை மட்டும் கொடுத்து, இரண்டு புள்ளி வைத்து மேலே ஏறி அடுத்த கோப்புறைக்குள் போகச் சொன்னேன். அனுமதி இல்லை. வெப்பநிலைக் கோப்புறைக்குள்ளேயே எடைக் கணக்கைக் காட்டும் ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்து ஃபைலுக்குக் கொண்டுபோகும் குறுக்குவழி) போட்டு, அதைத் திறக்கச் சொன்னேன். அதுவும் நடக்கவில்லை. பல வேலிகளில் ஓட்டை விழுவது இந்தச் சிம்லிங்க் இடத்தில்தான், அதனால் இது நின்றதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. மெசேஜ் அனுப்பும் ரகசியக் கீயைச் சூழல் மாறியில் வைத்திருந்தேன். அதைப் படிக்கச் சொன்னதற்கு வெறும் கை.

நண்டு கம்பெனி முதலாளியிடம் இதை விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, அவங்க புரோகிராமு நம்ம கணக்கப் பாத்துருமா?"

"பாக்காதுண்ணே. நாம குடுத்த கோப்புறையத் தவிர அதுக்கு எதுவும் தெரியாது."

"அப்ப என்னத்தக் குடுத்தோம்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டிரு."

எழுதி ஒட்டியிருக்கிறேன், பெட்டி மூடியின் உள்பக்கம். யார் புரோகிராம், எந்தக் கோப்புறை, படிக்கவா எழுதவா, நெட் உண்டா இல்லையா. ஐந்து வரிக்கு மேல் வராது. பாதுகாப்பு என்று தனியாக ஆயிரம் பக்கம் படிக்காத ஒரு முதலாளி அந்தத் தாளைப் பார்த்து ஒரு வரியை அடிக்கச் சொல்ல முடிகிறதே, இந்தக் கருவியின் பெரிய பலம் அதுதான் என்பேன்.

இனி, தானாக வராத விஷயங்கள். முடிவில்லாமல் சுற்றும் ஒரு லூப்பை அனுப்பினால், சும்மா நிறுவிய வாஸ்ம்டைம் அதை நிறுத்தாது. பெட்டி சூடாகிக்கொண்டே இருக்கும். இதற்கு இரண்டு கருவிகள் உள்ளே உண்டு, நீங்கள்தான் போட்டுவிட வேண்டும். ஃபியூயல் என்பது கட்டளைகள் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் ஒரு கணக்கு, தீர்ந்தால் புரோகிராம் நின்றுவிடும். எப்போது ஓட்டினாலும் ஒரே இடத்தில் நிற்கும், ஆனால் வேகம் குறையும். எப்பாக் என்பது நேரம் பார்த்து நிறுத்துவது. செலவு குறைவு, நிற்கும் இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். வெப்பநிலைக் கணக்குக்கு எப்பாக் போதும். காசு கணக்கு என்றால் ஃபியூயல் போடுவேன். நினைவகத்துக்கும் இப்படியே உச்சவரம்பு வையுங்கள். வைக்காவிட்டால் ஒரு மாட்யூல் (வெப்அசெம்ப்ளி வடிவில் வரும் ஒரு புரோகிராம் ஃபைல்) 4 ஜிபி வரை கேட்கலாம், என் பெட்டிகளில் மொத்தமே 2 ஜிபி.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. கமாண்ட் லைனில் ஓட்டும்போது திரையில் எழுதும் உரிமை தானாகவே கிடைத்துவிடும். அந்த எழுத்து லாக் ஃபைலுக்குப் போகிறது என்றால், புரோகிராம் விடாமல் எழுதி மெமரி கார்டை நிரப்பிவிடலாம். அப்புறம் பெட்டியில் எந்தப் பதிவும் ஏறாது. லாக்குக்கு அளவு வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன் லூக்கா கார்டெல்லி, ஆண்ட்ரூ கார்டன் இருவரும் 1998-ல் எழுதிய ஆம்பியன்ட் கால்குலஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரும் புரோகிராம்களைப் பற்றி யோசிக்க எனக்கு மிகவும் உதவிய கணக்கு அது. அதில் எல்லாமே சுவருள்ள இடங்கள். ஓர் இடம் இன்னொன்றுக்குள் நுழையலாம், வெளியே வரலாம், இல்லையென்றால் சுவரைத் திறந்து கரைத்துவிடலாம். முதல் இரண்டில் சுவர் அப்படியே இருக்கிறது. மூன்றாவதில் உள்ளே இருந்தது வெளியில் இருப்பதோடு கலந்துவிடுகிறது. எந்தப் புதிய அமைப்பைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, இதில் சுவரைத் திறக்கும் இடம் எங்கே என்பதைத்தான்.

வாஸ்ம்டைமில் அது முன்மொழிபெயர்ப்பு செய்த ஃபைல்கள். பெட்டி மெதுவாகக் கிளம்புகிறது என்று, மாட்யூலை லேப்டாப்பில் வைத்தே இயந்திர மொழிக்கு மாற்றி அனுப்பும் வசதி உண்டு. வேகம் நன்றாக இருக்கும். ஆனால் அப்படி மாற்றிய ஃபைலை ஏற்றும்போது முன்பு சொன்ன சரிபார்ப்பு நடக்காது. யாராவது அந்த ஃபைலைத் தந்திரமாகத் திருத்தி அனுப்பினால் வேலியே இல்லை, பெட்டி மொத்தமும் அவர் கையில். தயாரித்தவர்கள் இதை மறைக்கவில்லை. ரஸ்ட்டில் அந்தப் பங்ஷனை அன்சேஃப் (பாதுகாப்பற்றது) என்றே குறித்திருக்கிறார்கள், கமாண்ட் லைனிலும் தனியாக அனுமதி கொடுத்தால்தான் ஏற்றும். வேகத்துக்கு ஆசைப்பட்டு அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மாற்றியது நீங்களாகவே இருக்க வேண்டும், வழியில் மாறவில்லை என்பதற்குக் கையெழுத்தும் இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து வேலையை வாஸ்ம்டைம் செய்யாது. ஃபைல் யாரிடமிருந்து வந்தது என்பது அதன் கவலையே இல்லை. நான் வெளியில் தனியாக ஈடி25519 என்ற டிஜிட்டல் கையெழுத்து முறையில் சோதனை வைத்திருக்கிறேன்.

வேலியே பிழையில்லாதது என்றும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் மாட்யூலை இயந்திர மொழிக்கு மாற்றும் இதன் மொழிபெயர்ப்பி க்ரேன்லிஃப்டில் ஒரு பிழை வெளியானது. எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி சிப் வகை) மிஷின்களில் முகவரியைக் கணக்கிடும்போது, மாட்யூல் தன் எல்லைக்கு வெளியே பல ஜிபி தூரத்தில் படிக்கவும் எழுதவும் முடிந்தது. திருத்தத்தோடு 4.0.1, 5.0.1, 6.0.1 பதிப்புகளை வெளியிட்டு, என்ன நடந்தது என்று விரிவாக எழுதினார்கள். என் பெட்டிகள் ஆர்ம் வகை, அதனால் இந்தப் பிழை அவற்றைத் தொடவில்லை. ஆனால் பதிப்பைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே சாட்சி. மாதம் ஒரு புதிய பதிப்பு வருகிறது. கடலோரத்தில் பரந்து கிடக்கும் பெட்டிகளுக்கு அந்த வேகம் ஒத்துவராது. பன்னிரண்டு பதிப்புக்கு ஒன்றை இரண்டு ஆண்டு பராமரிக்கிறார்கள், நான் அந்த வகையில் நிற்கிறேன். பெரிய மாற்றங்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில், ஐஸ் கம்பெனிகளில் வேலை குறையும்போது செய்துகொள்கிறேன்.

இப்போது மறுபக்கம். வாங்குகிற கம்பெனியின் ஆள் என்னிடம் கேட்டார், "எங்க ஃபார்முலாவ அவங்க பாத்துருவாங்களா?" பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். பெட்டி முதலாளியின் சுவரில் மாட்டியிருக்கிறது. கார்டைக் கழற்றினால் மாட்யூல் கையில். அதை வாசிக்கும்படி எழுத்தாக மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. வந்த புரோகிராமிடமிருந்து பெட்டியைக் காப்பது ஒரு வேலை, பெட்டிக்காரரிடமிருந்து வந்த புரோகிராமைக் காப்பது வேறு வேலை. வாஸ்ம்டைம் முதல் வேலையை மட்டும்தான் செய்கிறது. இரண்டாவதுக்கு 1998-லேயே சாண்டர், ச்சூடின் என்ற இருவர், புரோகிராமை மறைகுறியாக்கிய நிலையிலேயே ஓடவைக்கும் வழியை முன்வைத்தார்கள். என் அளவு பெட்டியில் அதையெல்லாம் ஓட்ட முடியாது. அதையும் தாண்டி, யாராவது சென்சாரைக் கழற்றி ஐஸ் பெட்டிக்குள் செருகிவிட்டால் உலகத்தில் எந்தக் கணக்கும் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே ரகசிய ஃபார்முலாவை இங்கே அனுப்ப வேண்டாம் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதியே கொடுத்தேன். அவர்கள் அதை எடுத்துவிட்டு, சராசரியும் உச்சமும் மட்டும் கணக்கிடும் மாட்யூலை அனுப்பினார்கள்.

கொடுக்கும் அனுமதிகளைத் தனித்தனியாகப் பார்ப்பது போதாது என்பது என் அழுத்தமான கருத்து. இதற்கு வாஸ்ம்டைமில் எந்த உதவியும் இல்லை. நான் எம்ஐடியில் டேனியல் ஜாக்சன் தொடங்கிய அலாய் என்ற, விதியை எழுதிக் கொடுத்தால் அது மீறப்படும் வழி உண்டா என்று தேடும் இலவசக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒரு கம்பெனியில் இரண்டு மாட்யூல்கள். முதலாவது முதலாளிக்கானது, எடைக் கணக்கைப் படித்து மொத்தம் போடும், அதற்கு நெட் இல்லை. இரண்டாவது வாங்குகிறவருடையது, நெட் உண்டு, எடைக் கணக்கு இல்லை. இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பொதுக் கோப்புறை வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. யாருக்கு எது என்பதை அலாயில் சில வரிகளில் எழுதி, எடைக் கணக்கு எந்த வழியிலும் வெளியே போகக்கூடாது என்று ஒரு விதி போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் படம் போட்டுக் காட்டியது. முதல் மாட்யூல் கணக்கைப் படித்துப் பொதுக் கோப்புறையில் எழுதுகிறது, இரண்டாவது அதை எடுத்து நெட்டில் அனுப்புகிறது.

பொதுக் கோப்புறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் முதல் மாட்யூலுக்கு ஒரே ஒரு பங்ஷன் கொடுத்தேன், அது ஓர் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஓர் எண்ணுக்குள்ளும் ரகசியத்தை ஒளித்து அனுப்ப முடியும், அதனால் நாளுக்கு ஒரு தடவை, கிராம் இல்லாமல் முழு கிலோவாக மட்டும் என்று கட்டியிருக்கிறேன். வேலி எவ்வளவு உறுதி என்பது வாஸ்ம்டைமின் பொறுப்பு. எந்த வாசலை எங்கே வைப்பது என்பது நம் பொறுப்பு, அதைத் தாளிலோ அலாயிலோ வரைந்து பார்க்காமல் ஒரு வாசலும் வைக்காதீர்கள்.

நடைமுறை விஷயங்கள் சுருக்கமாக. காசு கிடையாது, அப்பாச்சி 2.0 உரிமம். சி, பைத்தான், கோ மொழிகளிலிருந்தும் கூப்பிடலாம், ஆனால் நுணுக்கமான அனுமதிகளுக்கு ரஸ்ட்தான் வசதி. ஒரு கோப்புறையைப் படிக்க மட்டும் என்று கொடுக்க நான் ரஸ்ட்டில்தான் எழுதினேன். மாட்யூல்கள் ஃபைல், நெட் போன்றவற்றைக் கேட்கப் பயன்படுத்தும் வாசி என்ற இடைமுகத்தின் 0.2 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. பழைய முறையில் கட்டிய மாட்யூல்களும் புதியவையும் கலந்து வருவதால், அனுப்புகிறவரிடம் எந்த வகை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 32 பிட் பழைய போர்டுகளுக்கு க்ரேன்லிஃப்ட் இயந்திர மொழி தராது, புல்லி என்ற இன்டர்ப்ரெட்டர் (கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டுவது) வழியாக ஓட்டலாம், வேகம் குறையும்.

இப்போது தொண்டிப் பக்கம் ஓர் இறால் பண்ணைக்காரர் கேட்டிருக்கிறார். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓடவிடும் புரோகிராமைத் தீவனக் கம்பெனி அனுப்புமாம். மோட்டார் சுவிட்சை அப்படியே அந்த மாட்யூலிடம் கொடுக்கப் போவதில்லை. விடியற்காலையில் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போகும் நேரத்தில் மோட்டார் நின்றால் குளம் முழுக்க இறால் மிதக்கும். மோட்டாரை ஓடவிடும் பங்ஷன் ஒன்றை மட்டும் கொடுக்கப் போகிறேன். நிறுத்துவதற்கு அதனிடம் எதுவும் இருக்காது. அது பண்ணைக்காரர் கையில், கரண்ட் போர்டில் இருக்கும்.